நாற்பது முறை திரும்பி வரும் மரபணுவை வெட்டுவது ஏன் சிக்கல்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணிதம் படித்த ஒரு பெண் இப்போது உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை செய்கிறாள். எலாஸ்டின் மாதிரி இழுபடும் ஒரு புரதத்தைத் தயாரிப்பது அவள் ஆய்வு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் (மரத்தைக் கீறிப் பால் எடுத்தவரின்) பேத்தி ரப்பர் போல நீளும் புரதத்தைத் தேடிப் போனதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அந்தப் புரதத்தில் வாலின், புரோலின், கிளைசின், வாலின், கிளைசின் என்று ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அலகு நாற்பது தடவை திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து, ஆக மரபணுவாக எழுதினால் 600 எழுத்து. அதைச் செய்து தரும்படி ஒரு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் போட்டிருக்கிறாள். "வரிசை மிகச் சிக்கலானது" என்று படிவமே திருப்பிவிட்டது.

அவள் கேட்டது இது: "சார், நாலே எழுத்து, அறுநூறே இடம். கோவிட் தடுப்பூசிக்கான எம்.ஆர்.என்.ஏ.வை 10இன் 632ஆம் அடுக்கு அளவு வரிசைகளிலிருந்து கணினி 11 நிமிஷத்தில் பொறுக்கி எடுத்ததாம். என்னுடைய சின்ன மரபணுவைத் துண்டு போட அதற்குத் தெரியாதா? இப்படி வெட்டும் கணக்கை என்.பி. கடினம் (வேகமான பொதுவழி யாருக்கும் தெரியாத கணக்கு) என்கிறார்களே, அப்படியென்றால் முடியவே முடியாது என்று அர்த்தமா?"

இல்லைம்மா, அந்த அர்த்தம் இல்லை. உன் மரபணுவுக்கு ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 632ஆம் அடுக்கை மனசிலிருந்து இறக்கி வை. மொத்தம் எத்தனை வரிசைகள் சாத்தியம் என்ற எண், செய்தித்தாளில் வாய்பிளக்க வைக்கத்தான் உதவும். கணக்கு கடினமா சுலபமா என்பதை அது சொல்லாது. ஒவ்வொரு முடிவையும் எடுக்கும்போது முன்னால் எடுத்த முடிவுகளில் எவ்வளவை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது? அதைப் பார்.

மரபணுவை ஏன் வெட்ட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். செயற்கை டி.என்.ஏ.வை வேதியியல் முறையில் ஒவ்வொரு எழுத்தாகத்தான் கோர்க்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் மார்வின் கரூதர்ஸ் உருவாக்கிய பாஸ்போரமிடைட் முறைதான் இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. ஒரு படியில் 99 விழுக்காடு வெற்றி என்று வைத்துக்கொள். 60 எழுத்து நீளத்துக்குப் போகும்போது ஏறக்குறைய 55 விழுக்காடு இழைகளே முழுதாகத் தேறும். 200 எழுத்தென்றால் 13 விழுக்காடு. உன் 600 எழுத்தையும் ஒரே மூச்சில் கோர்த்தால் ஆயிரத்தில் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். 1970இல் ஹர் கோபிந்த் குரானாவின் குழு முதல் செயற்கை மரபணுவை அமைத்தபோது அது வெறும் 77 எழுத்து நீளம். அதையே சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்துதான் ஒட்டினார்கள்.

ஆக, இரண்டு இழைகளிலிருந்தும் மாறி மாறி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி துண்டுகளை வடிவமைக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்து சூடாக்கிக் குளிர வைத்தால், ஒவ்வொரு ஓரமும் தன் இணையைத் தேடிப் போய் ஒட்ட வேண்டும். அங்கே யாரும் நின்று வழிகாட்டப் போவதில்லை, எழுத்துப் பொருத்தம் மட்டும்தான் வழிகாட்டி. இரண்டு துண்டுகள் ஒரே மாதிரி இருந்தால் ஏழாவது துண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபதாவது போய் உட்காரும். மரபணு நடுவில் குறைந்துபோகும், அல்லது கூடிப்போகும். நாற்பது தடவை திரும்பும் உன் வரிசையைப் பார்த்துப் படிவம் மிரண்டதற்கு இதுதான் காரணம்.

இதைக் கணக்காக மாற்றிய ஆன் காண்டன், யான் மானுக், கிறிஸ் தாச்சுக் ஆகியோர் 2008இலும் அதன் பிறகும் எழுதிய கட்டுரைகளில் உயிரியல் விவரங்களை உதறிவிட்டு முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் எழுத்துச் சரம், ஒரு நீள வரம்பு. சரத்தை அந்த வரம்புக்கு மேற்படாத துண்டுகளாக, துண்டுகளுக்குள் மோதல் வராமல் வெட்ட முடியுமா? அவ்வளவுதான் கேள்வி. இது என்.பி. முழுமை என்று நிறுவினார்கள். அதாவது ஒரு வெட்டைக் காட்டினால் சரியா தவறா என்று சட்டென்று பார்த்துவிடலாம். ஆனால் எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் அப்படி ஒரு வெட்டை வேகமாகக் கண்டுபிடிக்கும் பொதுவழி யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று கிடைத்தால், ஸ்டீபன் குக் 1971இலும் ரிச்சர்ட் கார்ப் 1972இலும் தொடங்கி வைத்த அந்தப் பெரிய குடும்பத்தின் எல்லாக் கணக்குகளும் ஒரே அடியில் விழுந்துவிடும்.

கையால் ஒன்று போட்டுப் பார்ப்போம். அடினைனுக்கு அ, சைட்டோசைனுக்கு ச, குவானைனுக்கு க, தைமினுக்கு த என்று வைத்துக்கொள்கிறேன். சரம் "அகஅகத". ஒரு துண்டில் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. இதை வெட்ட எட்டே வழிகள்தான்.

முதலில் தோன்றுவது அக, அக, த. மோதல், ஒரே துண்டு இரண்டு தடவை வருகிறது. முதல் மூன்று எழுத்தையும் தனித்தனியாக வெட்டும் இரண்டு வழிகளிலும் அ இரண்டு தடவை வந்துவிடும். மீதி ஐந்து வழிகளில் எந்த இரண்டு துண்டும் ஒன்றல்ல. ஆக, "ஒரே துண்டு இரண்டு முறை வரக்கூடாது" என்பது மட்டும் விதியானால் ஐந்து விடைகள். விதியைக் கொஞ்சம் இறுக்கி, "ஒரு துண்டு இன்னொன்றின் தொடக்கமாகவும் இருக்கக்கூடாது" என்று சொல். அக, அ, கத விழுந்துவிடும், ஏனென்றால் அ என்பது அக-வின் தொடக்கம். அ, கஅ, க, த என்பதும் விழும். கடைசியில் அ, கஅ, கத ஒன்றுதான் நிற்கும். இன்னும் ஒரு படி இறுக்கி, "ஒரு துண்டு இன்னொன்றின் உள்ளே எங்குமே இருக்கக்கூடாது" என்றால் அதுவும் போச்சு, கஅ-வுக்குள் அ இருக்கிறது. ஐந்து, ஒன்று, பூச்சியம். சரம் மாறவில்லை, மோதல் என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான் மாறியது. இது உன் மரபணுவுக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

எட்டு வழி என்பதால் விரலில் எண்ணினோம். இதே இரண்டெழுத்து வரம்பில் 30 எழுத்துச் சரத்துக்கு 1,346,269 வழிகள் உண்டு. (இது ஃபிபனாச்சி எண். படிவம் நான்கில் படித்தவர்கள் யாராவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.) கூர்மையான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: எழுத்து வகைகளும் நீள வரம்பும் மாறாமல் இருந்தால் மொத்தத் துண்டு வகைகளே கொஞ்சம்தானே? உண்மைதான். இரண்டெழுத்து, வரம்பு இரண்டு என்றால் கிடைக்கக்கூடிய துண்டுகள் ஆறு, அவற்றை எல்லாம் சேர்த்தாலும் 10 எழுத்து. 11 எழுத்துச் சரத்துக்கு யோசிக்காமலே "முடியாது" என்று சொல்லிவிடலாம். ஆகவே கடினம் என்ற நிரூபணம் செல்வது, சரம் நீள நீள வரம்பும் வளரும்போது, அல்லது எழுத்து வகைகள் பெருகும்போது. இரண்டே எழுத்து இருந்தாலும், வரம்பு வளர்ந்தால் கடினம்தான் என்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

ஏன் கடினம்? நூறாவது எழுத்தில் நிற்கிறாய், அடுத்து எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். இதுவரை எந்தெந்தத் துண்டுகளைச் செலவழித்துவிட்டாய் என்ற முழுப் பட்டியலும் கையில் இருந்தால்தான் முடியும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் (வருகைக் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிடும் கிராணிக்கு, அதாவது எழுத்தருக்கு, செக்ரோல் என்ற பெயர்ப்பட்டியல் முழுவதும் கையில் இருக்க வேண்டும், ஒரு பெயர் இரண்டு தடவை விழக்கூடாது. நிரையில், அதாவது மர வரிசையில், பால்மரம் வெட்டிக்கொண்டு போகிறவருக்கு எந்த மரம் வரை வந்தோம் என்பது தெரிந்தால் போதும். கணக்குகள் இந்த இரண்டு வகையில்தான் பிரிகின்றன. செக்ரோல் வகையில் சாத்தியமான பட்டியல்களின் எண்ணிக்கையே வெடித்துவிடும்.

நிரை வகைக்கு ஓர் உதாரணம் கோடான் தேர்வு. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துதான் கோடான். 20 அமினோ அமிலங்களுக்கு 61 கோடான்கள் இருக்கின்றன. லியூசினுக்கு ஆறு, மெத்தியோனினுக்கு ஒன்று. ஒரு புரதத்தை எண்ணற்ற டி.என்.ஏ. வரிசைகளாக எழுதலாம். அவற்றில் ஈகோ ஆர்-1 என்ற நொதி வெட்டும் "கஅஅததச" எங்குமே வராமல், உயிரணு விரும்பும் கோடான்கள் அதிகம் இருக்கும்படி ஒன்று வேண்டும். வரிசைகள் கோடானு கோடி. ஆனாலும் இடமிருந்து வலமாகப் போகும்போது கடைசி ஐந்து எழுத்து தெரிந்தால் போதும், தடைசெய்த ஆறெழுத்து உருவாகிறதா என்று பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் என்ன எழுதினோம் என்பதைச் சிறந்த மதிப்பெண் ஒன்றாகச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம். டைனமிக் புரோகிராமிங் என்பது இந்தச் சுருக்கிவைக்கும் வித்தைதான்.

இப்போது நீ சொன்ன தடுப்பூசிக் கதை. அது 2023இல் நேச்சர் இதழில் வந்த லீனியர் டிசைன் என்ற கணினி வழிமுறை. கொரோனா கிருமியின் ஸ்பைக் புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள், அதை எழுதக்கூடிய எம்.ஆர்.என்.ஏ. வரிசைகள் ஏறக்குறைய 2.4 பெருக்கல் 10இன் 632ஆம் அடுக்கு. அவற்றில் மிக உறுதியாக மடிந்து நிற்கும் ஒன்றைத் தேடினார்கள். ஆர்.என்.ஏ. மடியும்போது தூரத்து எழுத்துகள் ஜோடி சேரும், அதனால் கடைசி ஐந்து எழுத்து போதாது. ஆனால் ஜோடிகள் அடைப்புக்குறி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்கியே நிற்கும், ஒன்றையொன்று குறுக்கே வெட்டாது என்று எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் பகுதியைத் தனியாகத் தீர்த்து மூடிவிட்டு வெளியே வரலாம். ரூத் நுசினோவும் உடனிருந்தவர்களும் 1978இல் மடிப்புக் கணிப்புக்குக் காட்டிய வழி இது. நீளம் இரட்டித்தால் நேரம் எட்டு மடங்காகும், அதற்கு மேல் போகாது. வாக்கியத்தை இலக்கண முறைப்படி பகுக்கும் கணினி மொழியியலின் உத்தியைக் கோடான் தேர்வோடு சேர்த்து இழைத்தது லீனியர் டிசைனின் கெட்டிக்காரத்தனம். அந்த 11 நிமிஷத்தில் கணினி 632 அடுக்கையும் ஓடிப் பார்க்கவே இல்லை.

அந்த "குறுக்கே வெட்டாது" என்ற ஒரு சொல்லை எடுத்துவிடு. ஜோடிகள் குறுக்கும் நெடுக்கும் போகலாம் என்றால் அதற்குச் சூடோநாட் என்று பெயர், இயற்கையில் நிஜமாகவே இருக்கிறது. உடனே ஆற்றல் குறைந்த மடிப்பைக் கணிப்பதே பொதுவில் என்.பி. கடினமாகிவிடுகிறது. ருனே லிங்சோவும் கிறிஸ்டியன் பெடர்சனும் 2000இல் இதைக் காட்டினார்கள்.

மடிப்பைத் தலைகீழாகக் கேட்பது இன்னொரு வம்பு: இந்த வடிவம் வேண்டும், அப்படி மடியும் வரிசை எது? குறுக்கு ஜோடி இல்லாத எளிய மாதிரியில், ஒரு வரிசையைக் கொடுத்தால் சரிபார்ப்பது சுலபம். கண்டுபிடிப்பது அப்படியில்லை. நாம் விரும்பும் வடிவத்தில் மடிவது மட்டும் போதாது, வேறு எந்த வடிவமும் அதைவிட உறுதியாக இருக்கக்கூடாது. அந்த "வேறு எந்த" என்பதற்குள் கோடிக்கணக்கான எதிரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதுவார் போனே முதலானவர்கள் 2018இல், சில இடங்களில் எழுத்து முன்னாலேயே நிர்ணயிக்கப்பட்டிருந்தால், மிக எளிய மாதிரியில்கூட இது என்.பி. கடினம் என்று நிறுவினார்கள். எட்டெர்னா என்ற இணைய விளையாட்டில் சாதாரண மனிதர்கள் ஆர்.என்.ஏ. வடிவமைத்து அன்றைய மென்பொருள்களைத் தோற்கடித்ததாக 2014இல் கட்டுரை வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பொதுவழி இல்லாத இடத்தில் பழகிய கண்ணுக்கு மதிப்பு அதிகம்.

புரத வடிவமைப்பைப் பற்றி இரண்டு வரி. நைல்ஸ் பியர்ஸும் எரிக் வின்ஃப்ரீயும் 2002இல் அதுவும் என்.பி. கடினம் என்று காட்டினார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், தஹியாத்தும் மேயோவும் 28 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தை முழுக்கக் கணினியிலேயே வடிவமைத்து, அது எதிர்பார்த்தபடி மடிவதைச் சோதனைக்கூடத்தில் காட்டிவிட்டார்கள். கடினம் என்ற நிரூபணம் பின்னால் வந்தது, யாரும் கடையை மூடவில்லை. டேவிட் பேக்கருக்கு 2024இல் வேதியியல் நோபல் கிடைத்ததும் புரத வடிவமைப்புக்குத்தான்.

நம் ஊரைச் சுற்றி நிற்கும் செம்பனையும் இதற்குச் சாட்சி. அதன் மரபணுத்தொகை ஏறக்குறைய 1.8 பில்லியன் எழுத்து. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் தலைமையில் 2013இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட வாசிப்பில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்துக் கணினியில் கோர்க்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் உள்ளடக்கிய மிகக் குறுகிய சரத்தைக் கண்டுபிடிப்பது என்று அதைக் கணக்காக எழுதினால், அதுவும் 1980இலிருந்தே என்.பி. கடினம் என்று தெரிந்த கணக்குதான். ஆனாலும் கோர்த்தார்கள். என்.பி. கடினம் என்பது, எந்தச் சரத்தை நீட்டினாலும் வேகமாகவும் தவறாமலும் விடை தரும் ஒரே வழி இல்லை (பி-யும் என்.பி-யும் ஒன்றல்ல, அதாவது வேகமாகச் சரிபார்க்க முடிந்ததையெல்லாம் வேகமாகத் தீர்த்துவிட முடியாது என்று பெரும்பாலோர் நம்புவது உண்மையானால்) என்று மட்டுமே சொல்கிறது. உன் கையில் இருக்கும் குறிப்பிட்ட சரத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. சாதாரண மரபணுவை 60 எழுத்துத் துண்டுகளாக வெட்டினால் இரண்டு துண்டு ஒத்துப்போவது அபூர்வம், எளிய மென்பொருளே போதும். திரும்பத் திரும்ப வரும் வரிசைதான் நிரூபணத்தில் வரும் கொடூரமான சரங்களுக்குப் பக்கத்தில் போகிறது. உன்னுடையது அந்த ரகம்.

ஆனால் உனக்குச் சரம் எங்கே தரப்பட்டிருக்கிறது? தரப்பட்டது புரதம்தான். சரத்தை எழுதும் உரிமை உன் கையில் இருக்கிறது. வெட்டும் கணக்கோடு மல்லுக்கட்டாமல் சரத்தையே மாற்று. வாலின், புரோலின், கிளைசின் மூன்றுக்கும் தலா நான்கு கோடான்கள். ஓர் அலகில் ஐந்து அமினோ அமிலம், ஆக 4இன் ஐந்தாம் அடுக்கு, 1,024 விதமாக எழுதலாம். நாற்பது அலகையும் நாற்பது விதமாக எழுதிவிட்டால் "ஒரே துண்டு இரண்டு முறை" என்ற மோதல் போய்விடும்.

அதோடு விட்டுவிடாதே. இந்த மூன்று அமிலங்களுக்கும் கோடானின் முதல் இரண்டு எழுத்து மாறவே மாறாது: கத, சச, கக. மூன்றாவது எழுத்து மட்டும்தான் உன் இஷ்டம். 15 எழுத்து அலகில் 10 எழுத்து எல்லா இடத்திலும் ஒன்றே. இரண்டு அலகுகள் ஒரே ஓர் எழுத்தில் வேறுபட்டால், கணிதத்துக்கு அவை வெவ்வேறு. குழாயில் மிதக்கும் டி.என்.ஏ.வுக்கு அந்த நுணுக்கம் தெரியாது, பதினைந்தில் பதினான்கு பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும். முன்பு பார்த்த ஐந்து, ஒன்று, பூச்சியம் கதை இங்கேதான். சரியான விதி, எந்த இரண்டு அலகும் குறைந்தது மூன்று எழுத்திலாவது வேறுபட வேண்டும் என்பது.

பொதுவில் இப்படிப்பட்ட சொற்கூட்டத்தைத் தேடுவதும் தலைவலிதான். உனக்கு அதிர்ஷ்டம், உன் அளவுக்குப் பொருத்தமாக ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நான்கு எழுத்து, ஐந்து இடம், வேறுபாடு மூன்று: இது பிழை திருத்தும் குறியீட்டுக் கணக்கு. ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட குறியீடுகளின் நான்கெழுத்து வடிவம் இந்த அளவுக்குத் துல்லியமாகப் பொருந்துகிறது, 64 சொற்கள் தருகிறது. ஒவ்வொரு சொல்லையும் அதிலிருந்து ஓரெழுத்தில் மாறுபடும் 15 சொற்களையும் சேர்த்தால் 16. 64ஐ 16ஆல் பெருக்கு: 1,024. ஒன்று மிச்சமில்லை, ஒன்று குறைவில்லை. உனக்குத் தேவை 40.

செய்முறை: நான்கு எழுத்துகளையும் நான்கு உறுப்புள்ள களத்தின் (கூட்டலும் பெருக்கலும் அந்த நான்குக்குள்ளேயே முடியும் அமைப்பின்) 0, 1, ஒமேகா, ஒமேகா வர்க்கம் என்று வைத்துக்கொள். முதல் மூன்று கோடானின் கடைசி எழுத்தை விருப்பம்போல் தேர்ந்தெடு. நான்காவது, அந்த மூன்றின் கூட்டல். ஐந்தாவது, முதலாவதோடு இரண்டாவதை ஒமேகாவாலும் மூன்றாவதை ஒமேகா வர்க்கத்தாலும் பெருக்கிக் கூட்டியது. 64 சொற்களும் வந்துவிடும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரம் அலகின் தொடக்கத்தில் தொடங்கி முழு அலகையும் கொள்ளும்படி வெட்டு. அலகின் நடுவிலிருந்து தொடங்கினால் மூன்றெழுத்து உத்தரவாதம் அப்படியே நிற்காது.

இன்னும் ஒன்று பாக்கி. மாறாத அந்தப் பத்து எழுத்தில் எட்டு க அல்லது ச. ஆகவே நீ எப்படி எழுதினாலும் அலகில் க, ச பங்கு 15க்கு 8 முதல் 15க்கு 13 வரை, அதாவது 53 விழுக்காட்டிலிருந்து 87 விழுக்காடு வரை இருக்கும். அது கூடினால் இழை தன்மேலேயே இறுக்கமாக மடியும், படிவம் மறுபடியும் முறைக்கும். 64 சொற்களில் 24ஐக் கழிக்கப் போகிறாய் அல்லவா, க, ச அதிகம் உள்ளவற்றை முதலில் கழி. மிஞ்சிய நாற்பதையும் எந்த வரிசையில் அடுக்குவது என்பது உன் விருப்பம். சில அடுக்குகளை மடிப்புக் கணிக்கும் மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, குறைவாக மடியும் ஒன்றைப் படிவத்தில் போடு.